எல்எஸ்3/5ஏ: ஒரே பெயர், வெவ்வேறு பெட்டிகள்

காலணி வாங்கும்போது தரும் அட்டைப்பெட்டியின் அளவே உள்ள ஓர் ஒலிபெருக்கியை, 1970களின் முற்பகுதியில் பிபிசி பொறியாளர்கள் தங்கள் சொந்த வேலைக்காக வடிவமைத்தார்கள். எல்எஸ்3/5ஏ என்பது அதன் பெயர். அதற்கு ஒலிக்கும் பாகங்களைச் செய்து தந்த கெஃப் நிறுவனம் 1990களின் இறுதியில் அவற்றின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதன் பிறகும் ஃபால்கன், ராஜர்ஸ், கிரஹாம், ஸ்டெர்லிங் ஆகிய பிரித்தானிய நிறுவனங்கள் அதே பெயரில் புதிய சோடிகளைச் செய்து விற்கின்றன. ஹார்பெத்தும் ஸ்பெண்டாரும் வேறு பெயரில், ஆனால் அதே அளவில், அதே மரபைச் சொல்லி விற்கின்றன. புதிதாக இத்துறைக்குள் வருபவர் இவற்றைப் பார்த்ததும் "இவற்றில் எது அசல்?" என்றுதான் முதலில் கேட்பார். அந்தக் கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்டால்தான் பயனுள்ள விடை கிடைக்கும்: அசலில் இருந்தவற்றுள் எதை ஒவ்வொரு நிறுவனமும் கைவிடாமல் வைத்துக்கொண்டது?

பெயரிலிருந்தே தொடங்கலாம். எல்எஸ் என்பது லவுட்ஸ்பீக்கர் என்பதன் சுருக்கம். 3 என்ற எண் வெளி ஒலிபரப்புக்கு உரிய கருவி என்பதைக் குறிக்கும்; நிலையத்துக்குள் வைக்கும் பெரிய ஒலிபெருக்கிகள் எல்எஸ்5 என்ற வரிசையில் வந்தன. அடுத்துள்ள 5 வடிவமைப்பின் எண். கடைசியில் உள்ள ஏ என்ற எழுத்து, அந்த வடிவமைப்பு ஒருமுறை திருத்தப்பட்டது என்பதைச் சொல்கிறது. இந்த ஒற்றை எழுத்துக்குப் பின்னால் உள்ள கதை நம் கேள்விக்கு மிக முக்கியமானது என்பதால் அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

வெளி ஒலிபரப்பு என்றால் விளையாட்டரங்கின் வாசலிலோ கச்சேரி மண்டபத்தின் பின்புறத்திலோ நிற்கும் ஒரு வண்டி. அதற்குள் கலவை மேசை, பதிவுக்கருவிகள், இரண்டு மூன்று ஆட்கள் எல்லாம் அடங்க வேண்டும். பெரிய ஒலிபெருக்கிக்கு அங்கே இடமில்லை. தலையணி கருவியை மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டு ஒலியின் தரத்தைத் தீர்மானிப்பதும் எளிதல்ல. எனவே சிறிய ஒன்று தேவைப்பட்டது. அதற்கான அனுபவம் பிபிசி ஆய்வுத் துறைக்கு வேறொரு வேலையிலிருந்து கிடைத்திருந்தது. புதிய ஒலிப்பதிவுக் கூடத்தைக் கட்டுவதற்கு முன், அதன் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியைச் செய்து, அதற்குள் ஒலியை எழுப்பிச் சோதிப்பது அவர்கள் வழக்கம். அளவு எட்டில் ஒரு பங்காகக் குறையும்போது அதிர்வெண் எட்டு மடங்கு உயர வேண்டும். அதாவது உண்மைக் கூடத்தின் 50 ஹெர்ட்ஸ், மாதிரியில் 400 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். அந்த மாதிரிக் கூடங்களுக்காகச் செய்த சிறிய ஒலிபெருக்கி எதிர்பார்த்ததைவிட நன்றாக ஒலித்ததால், அந்த வேலையின் தொடர்ச்சியாகவே எல்எஸ்3/5 பிறந்தது. வடிவமைப்பை விளக்கி 1976-இல் பிபிசி வெளியிட்ட ஆய்வறிக்கையை எழுதிய மூவரில் டட்லி ஹார்வுட் ஒருவர். இந்தப் பெயர் மீண்டும் வரும்.

அசல் எல்எஸ்3/5ஏ-க்குள் இருப்பவை மூன்று: ஒரு பெட்டி, ஒலியை உண்டாக்கும் இரண்டு டிரைவர்கள், அவற்றுக்கிடையே வேலையைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் என்னும் மின்சுற்று. பேஸ் ஒலியையும் நடுப்பகுதி ஒலியையும் தருவது கெஃப்பின் பி110 என்னும் டிரைவர். சுமார் 110 மில்லிமீட்டர் விட்டமுள்ள இதன் கூம்பு பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அதுவரை கூம்புகளைப் பெரும்பாலும் காகிதக் கூழால் செய்தார்கள். காகிதம் ஈரப்பதத்துக்கு ஏற்ப மாறும். ஒரு வார்ப்புக்கும் அடுத்த வார்ப்புக்கும் எடை வேறுபடும். பிளாஸ்டிக் அப்படி மாறாது என்பதற்காகவே பிபிசி அதை விரும்பியது. ட்ரெபிள் ஒலிக்கு 19 மில்லிமீட்டர் குவிமாடம் கொண்ட டி27 என்னும் ட்வீட்டர். அதன் மேல் துளையிட்ட உலோக மூடி ஒன்று இருக்கும். ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிரைவரிடமிருந்து இன்னொன்றுக்கு வேலை கைமாறுகிறது.

பெட்டி 305 மில்லிமீட்டர் உயரமும் 190 மில்லிமீட்டர் அகலமும் உள்ளது. உள்ளே ஏறத்தாழ 5 லிட்டர் காற்று. பெட்டியில் துளை எதுவும் கிடையாது. கூம்பு உள்ளே போகும்போது அடைபட்ட காற்று வில்லைப் போல அதை எதிர்த்துத் தள்ளும். காற்றின் அளவு குறையக் குறைய அந்த வில் விறைப்பாகும். விறைப்பாக ஆக, கூம்பின் இயல்பான ஒத்ததிர்வு மேலே ஏறும். அந்த இடத்துக்குக் கீழே பேஸ் ஒலி தேயத் தொடங்குகிறது. எல்எஸ்3/5ஏ-இல் 80 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழிலிருந்தே தேய்வு தெளிவாகத் தெரியும். ஆழமான பேஸ் இதில் கிடையாது. எந்த நவீன வடிவமும் 5 லிட்டர் பெட்டிக்குள் அதை வரவழைத்துவிட முடியாது.

ஆனால் கேட்பவருக்கு அந்தக் குறை உடனே உறைப்பதில்லை. அதற்குக் காரணம் பொறியாளர்களின் ஒரு கெட்டிக்காரத்தனம். தேய்வு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, 125 ஹெர்ட்ஸை ஒட்டி, ஒலி சில டெசிபல் மேலெழும்படி பெட்டியும் டிரைவரும் பொருத்தப்பட்டுள்ளன. ஒரு தாழ்ந்த சுரத்தின் அடிப்படை அதிர்வெண் காதுக்கு எட்டாவிட்டாலும், அதன் மேற்சுரங்கள், அதாவது அந்த அதிர்வெண்ணின் இரண்டு, மூன்று மடங்குகளில் கூடவே எழும் ஒலிகள், தெளிவாகக் கேட்டால், மூளை அந்த அடிப்படையைத் தானே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். அந்த மேற்சுரங்கள் விழும் இடத்தில் ஒரு சிறு மேடு இருந்தால் ஊகம் இன்னும் எளிதாகிறது. இந்த மேடு எந்த அளவுக்கு இருக்க வேண்டும் என்பதில்தான் இன்றைய வடிவங்கள் ஒன்றோடொன்று பெரிதும் மாறுபடுகின்றன. ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண்ணும் இதே வட்டாரத்தில்தான் விழுகிறது. மேடு சற்று அதிகமானால் செய்தி வாசிப்பவருக்குச் சளி பிடித்தது போல ஆகிவிடும்.

பெட்டியின் பலகையிலும் ஒரு தனிச் சிந்தனை உண்டு. கனமான, அசையாத பெட்டிதான் நல்லது என்று நாம் நினைப்போம். பிபிசி மாறாக 12 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட்டைத் தேர்ந்தெடுத்து, அதன் உட்புறத்தில் தார்ப் பட்டைகளை ஒட்டியது. தடித்த பலகையும் எப்படியும் அதிரத்தான் செய்யும். ஆனால் அந்த அதிர்வு நடுப்பகுதி ஒலியில், குரல் வாழும் இடத்தில், வந்து விழும். மெல்லிய பலகையின் அதிர்வு கீழே இறங்கிவிடும். தார்ப் பட்டை அதை விரைவில் அடக்கிவிடும். முன்பலகையைப் பசை போட்டு ஒட்டாமல் திருகுகளால் பிடித்திருப்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதியே. ட்வீட்டரைச் சுற்றி ஒட்டியுள்ள தடித்த ஃபெல்ட் துணிப் பட்டைகள், பெட்டியின் விளிம்பில் பட்டு ஒலி சிதறுவதைத் தடுக்கின்றன. முன்னால் மாட்டும் துணித் திரையும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. அழகுக்காக அதைக் கழற்றிவிட்டுக் கேட்பவர், வடிவமைத்தவர்கள் கேட்டதைக் கேட்பதில்லை.

இவ்வளவையும் பிபிசி தானே தொழிற்சாலை வைத்துச் செய்யவில்லை. வரைபடத்தையும் அளவீட்டு வரம்புகளையும் கொடுத்து, வெளி நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கியது. ராஜர்ஸ், சார்ட்வெல், ஆடியோமாஸ்டர், ஸ்பெண்டார், ஹார்பெத், குட்மன்ஸ், கெஃப் எனப் பல நிறுவனங்கள் வெவ்வேறு காலங்களில் இந்த உரிமத்தின் கீழ் இதைச் செய்தன. எந்த நிறுவனம் செய்த பெட்டியானாலும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென பிபிசி வைத்திருந்த மாதிரிப் பெட்டியோடு நெருக்கமாக ஒத்துப்போக வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு வண்டியில் ஒரு பெட்டி பழுதானால், இன்னொன்றை எடுத்து அந்த இடத்தில் வைத்துவிட்டு வேலையைத் தொடர முடிய வேண்டும் அல்லவா? இதற்காகவே கிராஸ்ஓவரில் பல முனைகள் கொண்ட ஒரு மின்மாற்றி வைக்கப்பட்டது. ஒவ்வொரு ட்வீட்டரின் ஒலி அளவிலும் உள்ள சிறு வேறுபாட்டை, எந்த முனையில் கம்பியை இணைப்பது என்பதன் மூலம் தொழிற்சாலையிலேயே சரிசெய்துவிடுவார்கள்.

இப்போது அந்த ஏ என்ற எழுத்துக்கு வருவோம். முதலில் வந்த எல்எஸ்3/5 மிகச் சிலவே செய்யப்பட்டன. அதற்குள் கெஃப் தன் டிரைவர்களின் தயாரிப்பில் செய்த மாற்றங்களால் அவற்றின் குணம் மாறிவிட்டது. பழைய கிராஸ்ஓவர் அவற்றுக்குப் பொருந்தவில்லை. பிபிசி கிராஸ்ஓவரைத் திருத்தியது. பெயரின் பின்னால் ஏ சேர்ந்தது. அதோடும் முடியவில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் உற்பத்தி நடந்தபின், பி110 டிரைவரின் குணம் மீண்டும் மெல்ல விலகிப்போனதால், 1980களின் பிற்பகுதியில் டிரைவரும் கிராஸ்ஓவரும் மறுபடியும் திருத்தப்பட்டன. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் மின்னோட்டத்தை ஒலிபெருக்கி எவ்வளவு எதிர்க்கிறது என்பதே மின்மறுப்பு; அதுவரை 15 ஓம் ஆக இருந்த அது இதனால் 11 ஓம் ஆனது. பழைய சோடிகளைத் தேடுபவர்கள் "பதினைந்து ஓமா, பதினொன்றா?" என்று கேட்டுக்கொள்வது இதனால்தான். 15 ஓம் சோடிதான் உயர்ந்தது என்று வாதிடுபவர்கள் அதிகம். எனக்கு அந்த வாதத்தில் ஒலியைவிடப் பழமையின் மீதுள்ள பற்றே கூடுதலாகத் தெரிகிறது.

இந்த வரலாற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. பாகங்களை மாற்றாமல் வைத்துக்கொள்வது பிபிசியின் குறிக்கோளாக இருந்ததில்லை. ஒலி மாறக்கூடாது என்பதற்காக அது இருமுறை பாகங்களை மாற்றியது. எனவே "அசல்" என்ற சொல்லுக்கு இரண்டு நேர்மையான பொருள்கள் உண்டு: அதே பாகங்கள் அல்லது அதே ஒலி. இன்றைய நிறுவனங்கள் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. சில இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவது வழியில் போகின்றன.

முதல் வழியில் நிற்பது ஃபால்கன். கெஃப் நிறுவனத்தின் ஆரம்பகாலப் பொறியாளரும் பி110, டி27 ஆகிய இரண்டையும் வடிவமைத்தவருமான மால்கம் ஜோன்ஸ் 1972-இல் தொடங்கிய நிறுவனம் இது. கெஃப் கைவிட்ட இரண்டு டிரைவர்களையும் பெக்ஸ்ட்ரீன் கூம்பு உட்படத் தானே மீண்டும் செய்து, 15 ஓம் கிராஸ்ஓவரோடு, பிபிசி உரிமத்தின் கீழ் விற்கிறது. ராஜர்ஸ் பெயரும் பின்னர் இதே வழியில் திரும்பி வந்தது. அந்தப் பெயர் இப்போது ஹாங்காங்கைச் சேர்ந்த ஒரு குழுமத்தின் கையில் இருந்தாலும், பழைய டிரைவர்களின் மறுவடிவங்களைக் கொண்டு பிரித்தானியாவிலேயே பெட்டிகளைச் செய்கிறார்கள். இந்த வழியின் பலம் வெளிப்படையானது: 1970களின் சோடி ஒன்றின் பக்கத்தில் இவற்றை வைத்தால், உள்ளும் புறமும் அடையாளம் காண முடியும். பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. 1960களில் பிறந்த டிரைவரின் சிறு சிறு கரடுமுரடுகளும் கூடவே வருகின்றன. அவற்றைச் சமன்செய்ய அந்தச் சிக்கலான கிராஸ்ஓவரும் தேவைப்படுகிறது.

இரண்டாவது வழியை நடைமுறையில் உருவாக்கியவர் என்று டெரெக் ஹியூஸைச் சொல்லலாம். இவருடைய தந்தை ஸ்பென்சர் ஹியூஸ், பிபிசி ஆய்வுத் துறையில் பணியாற்றியவர். மனைவி டொரத்தியின் பெயரோடு தன் பெயரையும் சேர்த்து ஸ்பெண்டார் நிறுவனத்தைத் தொடங்கியவர். கெஃப் டிரைவர்கள் கிடைக்காமல் போனபின், இன்று சந்தையில் கிடைக்கும் வேறு டிரைவர்களை எடுத்துக்கொண்டு, அவற்றிலிருந்து பழைய ஒலி வரும்படி புதிய கிராஸ்ஓவரை டெரெக் வடிவமைத்தார். ஸ்டெர்லிங் நிறுவனம் வெளியிட்ட இரண்டாம் பதிப்பு இப்படி வந்ததே. கிரஹாம் நிறுவனத்தின் எல்எஸ்3/5ஏ-யும் அவர் கைவண்ணம். அதே நிறுவனம் ஏ இல்லாத பழைய எல்எஸ்3/5-ஐயும் மீட்டெடுத்திருக்கிறது. பாகத்தைப் பார்த்து மதிப்பிடுபவர் இவற்றைப் போலி என்று ஒதுக்கக்கூடும். ஆனால் பிபிசியே இருமுறை செய்தது இதைத்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த வழிக்கு முன்னுதாரணம் அந்த மரபுக்குள்ளேயே இருக்கிறது என்பது புரியும்.

மூன்றாவது வழி வாரிசுகளுடையது. டட்லி ஹார்வுட் 1977-இல் பிபிசியிலிருந்து விலகியதும் தன் பெயரையும் மனைவி எலிசபெத்தின் பெயரையும் இணைத்து ஹார்பெத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனத்தை அவருக்குப் பின் ஏற்ற ஆலன் ஷா வடிவமைத்த பி3ஈஎஸ்ஆர், ஏறத்தாழ அதே அளவுள்ள அடைத்த பெட்டி. மெல்லிய பலகை என்ற சிந்தனையும் அதேதான். ஆனால் கூம்பு, ஹார்பெத் சொந்தமாக உருவாக்கிய ரேடியல் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. மின்மறுப்பு 6 ஓம். இது எல்எஸ்3/5ஏ என்று சொல்லிக்கொள்வதில்லை. அதே அளவு, அதே வேலை, ஆனால் இன்றைய அறிவோடு செய்தால் எப்படி இருக்கும் என்ற கேள்விக்கான விடை அது. பழையதில் நடுப்பகுதியில் தென்படும் மெல்லிய நாசிச்சாயல் இதில் குறைவு. சற்றே உரக்கவும் ஒலிக்கும். ஸ்பெண்டாரின் கிளாசிக் 4/5-உம் இதே உறவுமுறையில் வருவது.

இனி எண்கள். உணர்திறன் என்பது குறிப்பிட்ட மின்னழுத்தத்தைக் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எவ்வளவு ஒலி வரும் என்ற அளவு. இந்தக் குடும்பத்தில் எதை எடுத்தாலும் அது 82 முதல் 84 டெசிபலுக்குள் நிற்கும். இன்றைய சாதாரண வீட்டு ஒலிபெருக்கிகள் பல 88 டெசிபலை ஒட்டி இருக்கும். 6 டெசிபல் வித்தியாசத்தை ஈடுகட்ட நான்கு மடங்கு மின்திறன் தேவை. 15 ஓம் பெட்டிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 8 ஓமுக்கு 50 வாட் தரும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர், 15 ஓமுக்கு ஏறத்தாழ 27 வாட்தான் தரும். அதற்காக மிகப் பெரிய ஆம்ப்ளிஃபயரை மாட்டி முடுக்கிவிடவும் முடியாது. அந்தச் சிறிய கூம்பு 25, 30 வாட்டுக்கு மேல் தொடர்ந்து தாங்காது. மறுபக்கம், மின்மறுப்பு அதிகமாக இருப்பதால் ஆம்ப்ளிஃபயரிடமிருந்து இது இழுக்கும் மின்னோட்டம் குறைவு. பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களின் 16 ஓம் முனையோடு இயல்பாகவே பொருந்தும். 6 ஓம் ஹார்பெத்துக்கு இன்றைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் எளிதான துணை. கையில் ஏற்கெனவே ஓர் ஆம்ப்ளிஃபயர் இருப்பவருக்கு, எந்த வடிவத்தை வாங்குவது என்ற முடிவை டிரைவரின் வம்சாவளியைவிட இந்த ஒரு பத்தியே பெரும்பாலும் தீர்த்துவிடும்.

ஒப்பிட்டுக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தால், முதலில் இரண்டின் ஒலி அளவையும் சமன்செய்ய வேண்டும். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் பெட்டியைக் காது "தெளிவானது" என்று தவறாகப் புரிந்துகொள்ளும். இரண்டையும் ஒரே இடத்தில், ட்வீட்டர் காதின் உயரத்துக்கு வரும்படி தாங்கியின் மேல் வைத்து, இரண்டு மீட்டர் தொலைவில் அமர்ந்து கேட்பது நல்லது. சுவரோடு ஒட்டி வைத்தால் 125 ஹெர்ட்ஸ் மேடு இன்னும் உயர்ந்து, நல்ல பெட்டியும் தொண்டை கட்டியது போலாகும். என்ன கேட்பது என்பதற்கு பிபிசியின் வழியே சிறந்தது: அவர்கள் மனிதக் குரலைப் பக்கத்து அறையில் நேரில் கேட்டுவிட்டு, அதே குரலை ஒலிபெருக்கியில் கேட்டு ஒப்பிட்டார்கள். வீட்டில் உள்ள ஒருவரை நாளிதழின் ஒரு பத்தியை வாசிக்கச் செய்து, எதிரொலி இல்லாத அறையில் நல்ல மைக்கில் பதிவுசெய்து எடுத்துப்போனால், அதற்கு நிகரான சோதனைத் தட்டு கடையில் கிடைக்காது. அந்தக் குரல் எப்படி இருக்க வேண்டும் என்பது உங்களுக்கு முன்பே தெரியும்.

அப்படிக் கேட்கும்போது, பாகங்களைக் காத்த ஃபால்கன், ராஜர்ஸ் வடிவங்களுக்கும் ஒலியைக் காத்த கிரஹாம், ஸ்டெர்லிங் வடிவங்களுக்கும் இடையிலான வேறுபாடு, அறையில் பெட்டியை அரை மீட்டர் நகர்த்தினால் வரும் வேறுபாட்டைவிடச் சிறியதாகவே பலருக்கும் தோன்றும். ஹார்பெத் மட்டும் சற்றுத் தனித்துத் தெரியலாம்.

பழைய சோடியையே தேடுபவர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு பெட்டிகளும் ஒரே நிறுவனத்தின் ஒரே மின்மறுப்பு உள்ளவையா, வரிசை எண்கள் அடுத்தடுத்து உள்ளனவா என்று பார்ப்பது முதல் வேலை; 15 ஓம் பெட்டி ஒன்றையும் 11 ஓம் பெட்டி ஒன்றையும் சோடி சேர்த்தால், இசைக்கலைஞர் ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தது போல இருக்கும். பழைய கிராஸ்ஓவரில் உள்ள மின்தேக்கிகள் நாற்பது ஆண்டுகளில் அளவு மாறியிருக்கலாம். ட்வீட்டர் ஒன்றை யாராவது மாற்றியிருந்தால், அந்த மின்மாற்றியின் முனையையும் அதற்கேற்ப மாற்றினார்களா என்று கேட்க வேண்டும். மாற்றவில்லையென்றால் பாகம் அசலாகவே இருந்தாலும் ஒலி அசலாக இருக்காது. ஃபெல்ட் பட்டைகள் உதிர்ந்திருந்தால் புதிதாக ஒட்டிக்கொள்ளலாம். துணித் திரையைத் தொலைத்துவிட்டு விற்பவரிடம் மட்டும் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.